ஆப்பிரிக்காவில் கிறித்தவம்: வந்த வழியும் விலகும் வழியும்

கேள்வி: கிறித்தவத்தைக் கைவிடும் ஆப்பிரிக்கர் பலர் அதை வெள்ளையரின் மதம் என்கிறார்கள். இது சரிதானா, ஐயா?

பதில்: கண்டம் முழுமைக்கும் பொருந்தாது. இன்றைய எத்தியோப்பியாவின் வடக்கே அக்சும் நாட்டை ஆண்ட எசானா 4ஆம் நூற்றாண்டிலேயே கிறித்தவத்தை ஏற்றான். அவன் காசுகளில் பிறை இருந்த இடத்தில் சிலுவை வந்தது. எகிப்தின் கோப்துத் திருச்சபை அதனினும் பழையது. ஆனால் கானாவிலோ கென்யாவிலோ ஒருவர் இதைச் சொல்லும்போது, தம் ஊருக்கு அம்மதம் வந்து சேர்ந்த வழியைச் சொல்கிறார். அங்கே அது ஐரோப்பியக் கப்பலில்தான் வந்தது.

கேள்வி: அடிமை வணிகத்தில் திருச்சபைக்கு நேரடிப் பங்கு உண்டா?

பதில்: உண்டு. 1452இல் போப் ஐந்தாம் நிக்கோலாஸ் போர்ச்சுகல் மன்னருக்கு வழங்கிய ஆணை, கிறித்தவரல்லாதாரை நிரந்தர அடிமைகளாக்க இசைவு தந்தது. கானாவின் கேப் கோஸ்ட் கோட்டையில் ஆண் அடிமைகளை அடைத்த நிலவறைக்கு மேலேயே ஆங்கிலேயரின் ஆலயம் இருந்தது. கொங்கோ மன்னர் முதலாம் அபோன்சோ பக்தி மிக்க கிறித்தவர். அவரே 1526இல் போர்ச்சுகல் மன்னருக்கு எழுதிய கடிதத்தில், வணிகர்கள் தம் குடிமக்களையும் உறவினரையும்கூடப் பிடித்துச் செல்வதாக முறையிட்டார். இரு மன்னரும் ஒரே திருமுழுக்குப் பெற்றவர்கள். அப்படியிருந்தும் வணிகம் நிற்கவில்லை என்பது எனக்கு இன்றும் ஆறாத வேதனை.

கேள்வி: முன்னோரின் தெய்வங்கள் பேய்கள் என்ற எண்ணம் எப்படி வேரூன்றியது?

பதில்: பெரும்பங்கு மொழிபெயர்ப்புக்கு உண்டு. சாமுவேல் அஜாயி குரோதர் மேற்கு ஆப்பிரிக்காவின் யொரூபா இனத்தவர். 1821இல் அடிமையாகப் பிடிக்கப்பட்டு, பிரிட்டன் கடற்படையால் மீட்கப்பட்டு, 1864இல் ஆயரானவர். அவர் முன்னின்று உருவாக்கிய யொரூபா விவிலியத்தில் பிசாசைக் குறிக்க ‘எஷு’ என்ற பெயர் ஆளப்பட்டது. எஷுவோ யொரூபா மரபில் நாற்சந்திகளின் காவலன், மனிதரின் படையலைத் தெய்வங்களிடம் சேர்ப்பிக்கும் தூதன். தாய்மொழியில் வேதம் வாசித்த தலைமுறைகள் அந்தத் தூதனைப் பிசாசாகவே அறிந்து வளர்ந்தன. சபையை விட்டு விலகிய பிறகும் அப்பெயரைக் கேட்டு அஞ்சுவோர் உண்டு. விலகுபவர் முதலில் மீட்டெடுக்க வேண்டியது இத்தகைய சொற்களையே என்பது என் கருத்து.

கேள்வி: என் கென்ய நண்பர் சபையை விட்டுவிட்டார், பெற்றோர் அவரிடம் பேசுவதில்லை. இந்த வரலாற்றைச் சொன்னால் மனம் மாறுவார்களா?

பதில்: ஏமாற்றப்பட்டீர்கள் என்று சொன்னால் மாறமாட்டார்கள், அது முழு உண்மையுமன்று. பெல்ஜியக் கொங்கோவில் 1921இல் சில மாதங்களே கிறித்தவம் போதித்த ஆப்பிரிக்கரான சைமன் கிம்பாங்குவைக் காலனி அரசு சிறையிலிட்டது. 1951இல் சிறையிலேயே இறந்தார். ஆட்சியாளரே அஞ்சிய கிறித்தவமும் அங்கே விளைந்தது. கென்யாவிலோ பல குடும்பங்களுக்கு எட்டிய ஒரே பள்ளிக்கூடம் மிஷன் பள்ளிக்கூடமாக இருந்தது. ஆகவே தம் தாத்தா எந்த ஆண்டில், எந்தத் தேவைக்காக ஞானஸ்நானம் பெற்றார் என்று உங்கள் நண்பர் பெற்றோரிடம் கேட்கட்டும். அவர்கள் சொல்லும்போது குறுக்கிடாமல் கேட்பதும் முக்கியம்.