டிரஸ்டாக்கித் தருகிறேன் என்கிறார், கையெழுத்துப் போடலாமா?

கேள்வி: குடியை விட விரும்புபவர்கள் கூடி ஒருவருக்கொருவர் உதவிக்கொள்ளும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் (ஏ.ஏ.) குழு எங்கள் ஊரில் ஆறு வருடமாக நடக்கிறது. தொடக்கத்திலிருந்து ஒரே செயலாளர்தான். கணக்கு தொடங்கப் போனால் வங்கியில் பதிவுச் சான்றிதழ் கேட்கிறார்கள். குடிநோய் மறுவாழ்வு மையம் நடத்தும் ஒருவர், தன் கட்டடத்தில் இலவசமாக இடம் தந்து, குழுவை டிரஸ்டாகப் பதிந்து, 80ஜி சலுகையும் வாங்கித் தருகிறாராம். சம்மதிக்கலாமா?

பதில்: வேண்டாம். பத்திரம் இன்னும் பதிவாகவில்லை என்றால் அதுவே நல்ல காலம்.

80ஜி என்பது நன்கொடை கொடுப்பவருக்குக் கிடைக்கும் வரிச்சலுகை. ஏ.ஏ. குழுக்கள் பின்பற்றும் நெறிகளை ‘மரபுகள்’ என்பார்கள்; அதில் ஏழாவது மரபுப்படி உங்கள் குழு வெளியார் பணத்தைத் தொடவே கூடாது. கூட்டத்தில் பை சுற்றி வரும்போது பத்தும் இருபதும் போடும் உறுப்பினர் யாரும் வரி ரசீது கேட்கப்போவதில்லை. பிறகு ரசீதுப் புத்தகம் யாருக்கு? உங்கள் பெயரைச் சொல்லி வெளியே வசூல் செய்பவருக்கு. இப்படி எழுதித் தரும் பத்திரங்களை வரி வரியாகப் படியுங்கள். ‘நிர்வாக அறங்காவலர் ஆயுள் காலம் வரை’ என்று ஒரு வரி பெரும்பாலும் இருக்கும். அதில் கையெழுத்திட்ட நாளோடு உங்கள் குழுவில் தேர்தல் முடிந்தது. பதிவான டிரஸ்டைக் கலைப்பது லேசான வேலையும் அல்ல. அடுத்து மையத்தின் நோட்டீசில் ‘இங்கு ஏ.ஏ. உண்டு’ என்று அச்சாகும். நோயாளியின் குடும்பத்திடம் வாங்கும் கட்டணத்துக்கு உங்கள் பெயர் விளம்பரம். பெயரை எந்த நிறுவனத்துக்கும் இரவல் தராதே என்று ஆறாவது மரபு சொல்வது இதற்காகத்தான்.

கொடுப்பவர் நல்லவரா கெட்டவரா என்பதே இங்கே கேள்வி இல்லை. 1948-ல் அமெரிக்காவில் காலமான ஒரு பெண்மணி ஏ.ஏ.வுக்கு 10,000 டாலர் உயில் எழுதி வைத்திருந்தார். ஏ.ஏ.வின் அறக்கட்டளைக்கு அப்போது பண நெருக்கடி. ஆனாலும் வேண்டாம் என்றார்கள். ஒன்றை வாங்கினால் அடுத்தடுத்து வரும், பணம் சேர்ந்தால் அதை ஆள்வது யார் என்ற சண்டையும் வரும் என்ற கணக்கு.

இடத்துக்கு வாடகை கொடுங்கள். ‘வாடகையே வேண்டாம்’ என்று சர்ச்சோ பள்ளிக்கூடமோ சொன்னால் என்ன செய்வது? இங்கேதான் பலர் குழம்புகிறார்கள். அந்த இடத்தை விட்டு ஓட வேண்டியதில்லை. அதே அளவு அறைக்கு அந்தத் தெருவில் என்ன வாடகை என்று விசாரியுங்கள். மாதம் 1,500 என்றால், அந்த மதிப்புக்கு மின்கட்டணத்தில் ஒரு பங்கு, துப்புரவுக் கூலி, நாற்காலி, மின்விசிறி பழுது என்று ஏதாவது ஒரு வழியில் மாதந்தோறும் கொடுங்கள். கொடுத்ததைக் கணக்கில் ‘வாடகைக்கு ஈடு’ என்றே எழுதுங்கள். நாளை நிர்வாகம் மாறி, ‘ஓசியில் இருந்தவர்கள்தானே’ என்று யாராவது பேசினால் அந்தக் கணக்கு நோட்டுதான் உங்களுக்காகப் பேசும். மையக்காரர் இதற்குச் சம்மதித்தாலும் சாவி குழுவிடம் இருக்க வேண்டும், பலகையில் அவர் பெயரும் உங்கள் பெயரும் சேரக் கூடாது.

அடுத்து உங்கள் செயலாளர். ஆறு வருடம் என்பது அவர் தவறு மட்டுமல்ல, கேட்காமல் இருந்த எல்லோருடைய தவறும்தான். ஏ.ஏ.வில் பொறுப்பாளர் நம்பிக்கைக்குரிய ஊழியர், ஆள்பவர் அல்ல. குழுவின் சார்பில் ஏ.ஏ.வின் மேலமைப்புகளில் பேசும் பொதுச் சேவைப் பிரதிநிதிக்கு வழக்கமாக இரண்டு வருடம், செயலாளருக்கும் பொருளாளருக்கும் அதைவிடக் குறைவு. வழக்கமான கூட்டம் முடிந்ததும் தனியாக நிர்வாகக் கூட்டம் போடுங்கள். தேதியை இரண்டு வாரம் முன்பே அறிவியுங்கள். எழுத்து வாக்கு. மூன்றில் இரண்டு பங்கு கிடைத்தவர் பொறுப்புக்கு வருவார். பல சுற்று நடத்தியும் யாருக்கும் கிடைக்காவிட்டால் முன்னணியில் இருப்பவர்களின் பெயரைச் சீட்டு எழுதிக் குலுக்கி எடுப்பார்கள். உத்திரமேரூர்க் கல்வெட்டில் குடவோலை படித்த நமக்கு இது புதிதா என்ன? முந்தைய மூன்றாண்டில் வாரியத்தில் இருந்தவரும், இருந்து கணக்குக் காட்டாதவரும் அங்கே நிற்கவே முடியாது. இன்னொன்று: முடிவு எடுத்த பிறகு தோற்ற தரப்பை ஒருமுறை பேச விடுங்கள். ஜெயித்த பக்கத்தில் ஒருவர் மனம் மாறி மறுபரிசீலனை கேட்டால் மறுபடி வாக்கெடுப்பு நடத்தலாம்.

பணத்தை இருவர் எண்ணி, இருவரும் கையெழுத்திட வேண்டும். செயலாளரின் சொந்த ஜிபே எண்ணைப் பைக்குப் பதிலாக ஒட்டி வைக்கும் பழக்கம் பரவுகிறது. குழுப் பணமும் வீட்டுப் பணமும் ஒரே கணக்கில் கலந்தால், அவர் மறுபடி குடிக்க ஆரம்பிக்கும் நாளில் இரண்டும் சேர்ந்து போகும்.

வங்கி விஷயம்தான் எரிச்சல். பதியாத சங்கத்துக்கும் கணக்கு தொடங்க ரிசர்வ் வங்கி விதியில் இடம் உண்டு: குழுத் தீர்மானம், கணக்கை இயக்குபவருக்கான அதிகாரப் பத்திரம், பான் அல்லது (பான் இல்லாதவர் தரும்) படிவம் 60, அவரது அடையாளச் சான்று. ஆனால் கவுன்ட்டரில் இருப்பவர் விதியைப் புரட்ட மாட்டார், சான்றிதழ் கொண்டு வா என்பார். இப்படித் திருப்பி அனுப்பப்படுபவர்கள்தான் ‘டிரஸ்டாக்கித் தருகிறேன்’ ஆசாமிகளின் கையில் போய் விழுகிறார்கள். மேலாளரிடம் எழுத்தில் கொடுத்து, எழுத்திலேயே பதில் கேளுங்கள். முழுப்பெயர் கொடுத்தால் அநாமதேயம் கெடுமே என்று பயப்பட வேண்டாம். பெயரை வெளியிடாதே என்னும் பதினோராவது மரபு பத்திரிகை, வானொலி, திரைப்படம் பற்றியது, வங்கிப் படிவம் பற்றியது அல்ல.

சின்னக் குழுவுக்கு வங்கிக் கணக்கே அவசியமில்லை. வாடகை, டீ, புத்தகம் எல்லாம் சேர்த்து மாதம் 2,700 ஆகிறது என்றால் ஒன்றிரண்டு மாதச் செலவைக் கையிருப்பாக வைத்துக்கொண்டு, மீதியை ஏ.ஏ.வின் மேலேயுள்ள சேவை அமைப்புகளுக்கு அனுப்பிவிடுங்கள். பிறகு பத்திரம் எழுத வருபவருக்கு உங்களிடம் எழுதி வாங்க ஒன்றும் இருக்காது.