கிளவுட் மெயில் சேர்வருக்குப் பிடிஆர் பதிவை எங்கே எழுதுவது?

டொமைன் வாங்கிய இடத்தில் பிடிஆர் பதிவு (ஒரு ஐபி முகவரிக்கு உரிய பெயர் எது என்று சொல்லும் பதிவு) போட்ட பிறகும் மின்னஞ்சல்கள் திரும்பி வருகின்றன, என்ன பிழை என்று கேட்டிருக்கிறீர்கள். போட்ட இடம்தான் பிழை. அங்கே எத்தனை முறை எழுதினாலும் யாரும் வந்து பார்க்கப்போவதில்லை. இந்தப் பிடிஆர் விடயத்தில் நானும் இரண்டு இரவுகளைத் தொலைத்திருக்கிறேன்.

கிளிநொச்சியில் ஒரு பாடசாலையின் பழைய மாணவர் சங்கத்துக்கு மெயில் சேர்வர் பார்க்கிறேன். ரொறன்ரோவிலும் லண்டனிலும் இருக்கும் பழைய மாணவர்கள், தகப்பனை இழந்த பிள்ளைகளுக்கு மாதாமாதம் படிப்புச் செலவு அனுப்புகிறார்கள். எங்கள் பற்றுச்சீட்டுகள் மின்னஞ்சலில் போய்ச் சேர்ந்தால்தான் அடுத்த மாதப் பணம் புறப்படும். புதிய சேர்வருக்கு மாறிய கிழமை, அனுப்பியவை எல்லாம் 550 5.7.25 என்ற எண்ணோடு திரும்பின. ஐபி முகவரியிலிருந்து பெயரைத் தேடிய சோதனை தோற்றுவிட்டது என்பது அதன் பொருள். பத்தொன்பது பிள்ளைகளுக்குப் பணம் பிந்தியது. ஒரு தாய் அலுவலகத்துக்கே வந்து, "தம்பி, பிள்ளையின் பெயரை வெட்டிவிட்டார்களா?" என்று கேட்டார். அந்தக் கேள்வி இன்னும் என் காதில் நிற்கிறது.

உறுதி எழுதிய சொந்தக் காணி வேறு, அரசு அனுமதிப்பத்திரத்தில் குடியிருக்கத் தந்த காணி வேறு என்பது வன்னியில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். டொமைன் உங்கள் உறுதிக் காணி. அதில் ஏ பதிவு (பெயருக்கு உரிய ஐபி எது என்று சொல்லும் பதிவு) எழுத யாரையும் கேட்க வேண்டியதில்லை. ஐபி முகவரியோ கிளவுட் நிறுவனத்துக்குச் சொந்தமான முகவரித் தொகுதியில் ஒரு துண்டு. நீங்கள் அதில் அனுமதியோடு குடியிருக்கிறீர்கள், அவ்வளவுதான். உதாரணமாக, 203.0.113.25 யாருடையது என்று அறிய, பெறுகிற சேர்வர் இலக்கங்களைத் திருப்பிப் போட்டு 25.113.0.203.இன்-அட்ர்.ஆர்ப்பா என்று தேடும். அந்தத் தேடல் தொகுதிக்கு உரியவரின் வாசலில்தான் போய் நிற்கும். ஆகவே பிடிஆர் பதிவைக் கிளவுட் நிறுவனத்தின் பக்கத்தில்தான் எழுத வேண்டும்.

காணி என்றதும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. இரணைமடுவின் கீழ் எங்கள் வயல் இன்றும் 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டப்படி கொடுத்த அனுமதிப்பத்திரத்தில்தான் கிடக்கிறது. 2009இல் அம்மா அந்தப் பத்திரத்தைப் பொலித்தீனில் சுற்றி இடுப்பில் கட்டிக்கொண்டு போனார். அப்படிக் காத்த தாளைக் கொண்டுபோனால் வங்கியில் ஈடாக எடுக்கமாட்டோம் என்கிறார்கள். மூன்று தலைமுறை உழுத நிலம். இது நியாயமா?

சரி, உங்கள் விடயம். முதலில் உங்கள் மெயில் சேர்வரின் பெயருக்கு ஏ பதிவு எழுதி, அது ஐபியைச் சரியாகக் காட்டுகிறதா என்று பாருங்கள். பிறகுதான் பிடிஆர். பெயர் முதலில் அந்த ஐபியைக் காட்டாவிட்டால் பல நிறுவனங்கள் பிடிஆர் பதிவை ஏற்பதேயில்லை. என் ஏ பதிவின் ஆயுள் (மற்ற சேர்வர்கள் அதன் பிரதியை வைத்திருக்கும் நேரம்) 86400 வினாடி, அதாவது ஒரு நாள் என்று இருந்ததால், மாற்றிய பிறகும் பழைய ஐபியே தெரிந்துகொண்டிருந்தது. முதல் இரவு அதிலேயே போயிற்று. அமேசான் கிளவுட்டில் என்றால் எலாஸ்டிக் ஐபி எனும் மாறாத ஐபி எடுத்திருக்க வேண்டும். டிஜிட்டல் ஓஷன் என்ற கிளவுட் நிறுவனத்தில் சேர்வருக்கு இடும் பெயரே பிடிஆர் ஆகிவிடும். 'சேர்வர்-1' என்று வைத்துவிட்டுப் பிடிஆர் போடும் பக்கத்தைத் தேட வேண்டாம். மின்னஞ்சலை அனுப்பும் மென்பொருளான போஸ்ட்ஃபிக்ஸ், ஹெலோவில் (மற்ற சேர்வருக்குத் தன்னை அறிமுகப்படுத்தும் முதல் வரியில்) சொல்லும் பெயரும் அதே பெயராக இருக்கட்டும்.

சொந்த சேர்வர் எதற்கு, கட்டணச் சேவைக்குப் போகலாமே என்று சிலர் எழுதுவார்கள். நாற்பது பேருக்கு ஆள்வீதம் மாதாமாதம் டொலரில் கட்டுவது எங்கள் சங்கத்தால் ஆகாது. 2022இல் டொலர் தட்டுப்பட்டபோது நாங்கள் பட்டது எங்களுக்குத் தெரியும். சொந்த சேர்வர் எல்லோருக்கும் ஏற்றது என்று நான் சொல்லவில்லை. ஆனால் வைத்திருப்பவர் ஒழுங்காக வைத்திருக்க வேண்டும். ஜிமெயிலுக்கு அனுப்புகிற எல்லோரிடமும் 2024 பெப்ரவரி முதல் கூகுள் சரியான பிடிஆர் பதிவை விதியாகவே கேட்கிறது. அது சரியான விதி என்றே நினைக்கிறேன்.

இரண்டாவது இரவைத் தின்றது ஐபிவி6, அதாவது புதிய வகை நீளமான ஐபி முகவரி. பிடிஆர் சரியாக வந்தும் கடிதங்கள் திரும்பின. என் சேர்வர் ஐபிவி6 வழியாக அனுப்பிக்கொண்டிருந்தது, நானோ பழைய வகையான ஐபிவி4க்கு மட்டும் பிடிஆர் எழுதியிருந்தேன். போஸ்ட்ஃபிக்ஸை ஐபிவி4இல் மட்டும் பேசும்படி மாற்றினேன். விடியற்காலை நாலு மணிக்கு ரொறன்ரோவிலிருந்து பொருளாளர் பதில் எழுதினார், பற்றுச்சீட்டுகள் பத்தொன்பதும் கிடைத்துவிட்டன என்று. நீங்களும் திரும்பி வந்த கடிதத்தைத் திறந்து அதில் எந்த ஐபி இருக்கிறது என்று பாருங்கள். முக்காற்புள்ளிகள் போட்ட நீளமான முகவரி என்றால், உங்களுக்கும் இதேதான்.