சின்னப் பட்டறையில் செய்யச் சொன்ன எலக்ட்ரிக் கிட்டார் வர ஏன் இத்தனை மாதம்?

முன்பணம் கட்டி எட்டு மாதம் ஆயிற்று, இன்னும் ‘ஆறு வாரம்’ என்கிறார்கள், ஏமாற்றுகிறார்களா என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் இல்லை. நாலைந்து பேர் வேலை செய்யும் இடத்தில் ஒரே மாடலில் பல கிட்டார்களை ஒன்றாகச் சேர்த்துத்தான் செய்வார்கள். உங்கள் மாடலின் முறை வரும்வரை மரத்தைத் தொடவே மாட்டார்கள்.

அப்புறம் பெயின்ட். நைட்ரோசெல்லுலோஸ் லேக்கர் (காய்ந்து பளபளக்கும் ஒரு வகை வார்னிஷ்) என்றால் மெல்லிசாகப் பல முறை அடித்து, வாரக்கணக்கில் காயவிட வேண்டும். அவசரப்பட்டுப் பாலிஷ் போட்டால் பூச்சு பிறகு சுருங்கி மர ரேகை மேலே தெரியும். பெரிய ஆலைகளில் பாலியெஸ்டர் பூச்சைப் புற ஊதா விளக்கில் நிமிடங்களில் இறுக்கிவிடுகிறார்கள்.

சரி, ‘எப்போது வரும்?’ என்று கேட்காதீர்கள். ‘நெக் (கிட்டாரின் நீண்ட கழுத்துப் பகுதி) முடிந்ததா, பெயின்ட் ஆச்சா?’ என்று கேட்டு ஒரு போட்டோ அனுப்பச் சொல்லுங்கள். அதற்கும் மழுப்பினால் முன்பணத்தைத் திருப்பிக் கேளுங்கள்.