தாத்தாவின் கை

அன்புள்ள ஐயா,

கோத்தகிரி பக்கம் எங்களுக்குச் சின்னதாக ஓர் ஆர்த்தடாக்ஸ் (இலையை உருட்டிச் செய்யும் பழைய முறை) டீ பாக்டரி இருக்கிறது. போன வருடம் ஜப்பானிலிருந்து டீ வாங்க ஒருவர் வந்தார். அவர் குனிந்து வணங்கியதும் என் தாத்தா, எங்கள் படகர் வழக்கப்படி, அவர் தலையில் கை வைத்து ஆசீர்வதித்துவிட்டார். எனக்கு மானமே போய்விட்டது. ஜனவரியில் அவர் இன்னொருவரையும் அழைத்து வருகிறார். இந்த முறை தாத்தாவை ஹட்டியிலேயே (எங்கள் கிராமத்திலேயே) இருக்கச் சொல்லிவிடலாமா? விசிட்டிங் கார்டு, பரிசு, சாப்பாடு இவற்றில் என்ன கவனிக்க வேண்டும்?

கோ.

அன்புள்ள கோ.,

சின்ன விஷயங்களை முதலில் முடித்துவிடுவோம். கார்டை இரண்டு கையாலும் கொடுங்கள், வாங்குங்கள். வாங்கியதைப் பேச்சு முடியும்வரை மேசைமேல் வையுங்கள். பின்பாக்கெட்டில் செருகி அதன்மேல் உட்காராதீர்கள். எதையும் நான்காகப் பரிசளிக்க வேண்டாம், அவர்கள் மொழியில் நான்குக்கும் சாவுக்கும் ஒரே ஒலி. பரிசை உங்கள் எதிரில் பிரிக்காவிட்டால் பிடிக்கவில்லை என்று அர்த்தமில்லை. சாப்பாட்டுக்கு உங்கள் வீட்டு அவரைக் குழம்பே போதும்.

தாத்தாவை மறைத்துவைக்க நினைத்தீர்களே, அதற்கு வெட்கப்படுங்கள். தலையில் கை விழுந்தபோது வந்தவர் என்ன செய்தார்? முகம் சுளித்தாரா, அப்படியே நின்றாரா? அதை எழுதவே இல்லை. உங்கள் மானத்தைப் பற்றி மட்டும் எழுதியிருக்கிறீர்கள். மனிதர் துணைக்கு ஆள் சேர்த்துக்கொண்டு மறுபடி வருகிறார், இதற்கு மேல் என்ன வேண்டும்?

நீங்கள் பயப்பட வேண்டிய இடம் வேறு. தொண்ணூறுகளில் குன்னூரில் ஒரு பாக்டரியில் கணக்கெழுதிக்கொண்டிருந்தேன். இதே ஜப்பானிலிருந்து ஒருவர் வந்தார். உறைபனிக் காலத்து டீ. குளிரில் கொழுந்து மெதுவாக வளர்வதால் வாசம் கூடி நிற்கும். கரண்டியில் எடுத்து ஓசையோடு உறிஞ்சினார், துப்பினார், மறுபடி உறிஞ்சினார். (டேஸ்டிங் மேசையில் எல்லா நாட்டுக்காரர்களும் இப்படித்தான். அங்கே நாகரிகம் செல்லாது.) அப்புறம் கேட்டார்: இதே டீ ஜூலையில் மூன்று டன் கிடைக்குமா?

கிடைக்காது. ஜூலையில் மழைக் கொழுந்து. அந்த வாசம் வராது. எனக்குத் தெரியும், மேனேஜருக்குத் தெரியும், வாசலில் இலை நிறுத்துக்கொண்டிருந்த பையனுக்கும் தெரியும். மேனேஜர் தலையை ஆட்டி, "சரி சார், பார்த்துக்கலாம்" என்றார். வந்தவரை வெறுங்கையோடு அனுப்பக் கூடாது என்ற நல்லெண்ணம்தான். நானும் பக்கத்தில் நின்று சிரித்தேன்.

ஜூலையில் மழைக் கொழுந்து டீயே போயிற்று. செப்டம்பரில் கடிதம் வந்தது: தொடர்ந்து வாங்குவது சற்றுக் கடினமாக இருக்கும். மேனேஜர் மகிழ்ந்துபோனார். கடினம் என்றால் முயற்சி செய்கிறார்கள் என்றுதானே அர்த்தம் என்றார். ஜப்பான்காரர் வியாபாரத்தில் கடினம் என்று சொன்னால் முடியாது என்று பொருள் என்பது எங்களுக்குத் தெரியாது. பொங்கல்வரை காத்திருந்தோம். இல்லை என்று சொல்ல நாக்கு எழாத இரண்டு கூட்டம், நடுவில் மூன்று டன் டீ.

"பார்க்கலாம்", "ஆகட்டும்", "செஞ்சிடலாம்": இதையெல்லாம் பெண் கேட்டு வந்தவர்களிடம் வைத்துக்கொள்ளுங்கள். ஜூலைச் சரக்கைக் கேட்டால் போன ஜூலை சாம்பிளை எடுத்து, ஜனவரி டீக்குப் பக்கத்திலேயே போடுங்கள். நூறு மில்லிக்கு 2 கிராம், ஆறு நிமிடம், இரண்டுக்கும் ஒரே தண்ணீர். அவரே உறிஞ்சிப் பார்க்கட்டும். நீங்கள் வாயை மூடிக்கொண்டு நில்லுங்கள். தலையையும் ஆட்ட வேண்டாம், நம் தலையாட்டல் ஆமாவா இல்லையா என்று நமக்கே சில நேரம் தெரிவதில்லை.

ஜனவரியில் கோத்தகிரியில் நல்ல குளிர் இருக்கும். தாத்தாவின் வெள்ளைச் சால்வையை முன்னாலேயே துவைத்துக் காயவைத்துவிடுங்கள், அந்த வெயிலில் சீக்கிரம் காயாது. இந்த முறை இரண்டு தலை.