ஒன்பதாம் வகுப்புக் கணக்கு – கடிதமும் பதிலும்

ஐயாவுக்கு வணக்கம்.

உசிலம்பட்டிப் பக்கம் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியையாக இருக்கிறேன். போன வாரம் அரையாண்டுத் தேர்வு முடிவை வைத்து மதுரையில் ரிவ்யூ மீட்டிங் நடந்தது. பத்தாம் வகுப்பில் என் பாடத்தில் ஏழு பேர் ஃபெயில். பெயரை வாசித்து எழுந்து நிற்கச் சொன்னார்கள். அத்தனை பேர் நடுவில் நின்றேன். எட்டாம் வகுப்புக்கு நடந்த ஸ்லாஸ் என்கிற மாநில அடைவுத் தேர்வின் முடிவையும் திரையில் போட்டார்கள். வெளியே வந்ததும் ஒரு மூத்த ஆசிரியர், "இந்த வருசம் போனது போகட்டும்மா. ஒன்பதாவதுல தேறாததுகளை நிறுத்தி இப்பவே சலிச்சு விட்டுரு, அடுத்த வருசம் நிம்மதியா இருக்கலாம்" என்றார்.

டெக்சாஸில் இருக்கும் என் அத்தை மகன், அமெரிக்காவில் பிள்ளைகளின் மதிப்பெண்ணை வைத்துத்தான் ஆசிரியரை எடைபோடுகிறார்கள், அதனால்தான் அங்கே வேலை ஒழுங்காக நடக்கிறது என்கிறார். அது நமக்கும் சரியா? எங்கள் பிள்ளைகளின் வீட்டில் படிப்பு வாசனையே கிடையாது. அவர்களை வைத்து என்னை எப்படி அளக்கலாம்? டெட் என்கிற ஆசிரியர் தகுதித் தேர்வு பற்றிய தீர்ப்பு வந்ததிலிருந்து ஸ்டாஃப் ரூமில் வேறு பேச்சே இல்லை. பேசாமல் அடுத்த கலந்தாய்வில் மதுரை டவுனுக்கு மாறுதல் கேட்டுவிடலாமா என்று இருக்கிறது. என்ன செய்யட்டும்?

ம.

அன்புள்ள ம.,

பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டிருந்தீர்கள். எடுத்துவிட்டேன்.

ஒரு பெண்ணைச் சபை நடுவில் எழுப்பி நிறுத்துவதில் என்ன கிடைக்கிறதோ தெரியவில்லை. பிள்ளையைப் பெஞ்சு மேல் ஏற்றாதே என்று உங்களுக்குச் சொல்கிறவர்களும் இதே ஆட்கள்தான். அன்று ராத்திரி நீங்கள் சாப்பிட்டிருக்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன். அதற்காக வருத்தப்படுகிறேன்.

ஆனால் 'வீட்டில் படிப்பு வாசனையே கிடையாது' என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரிக்கு உங்களைத் திட்டாமல் விட முடியாது. அந்த வாசனை இருந்திருந்தால் அந்தப் பிள்ளைகள் ஏன் தாயி உங்கள் பள்ளிக்கு வருகிறார்கள்? மஞ்சள் பஸ் ஏறிப் போயிருப்பார்கள். வாசனை இல்லாத வீட்டுக்காகத்தான் அங்கே ஒரு கட்டடம் எழுப்பி, உங்களுக்குச் சம்பளமும் போட்டிருக்கிறது. மீட்டிங்கில் உங்களுக்கு நடந்ததை நீங்கள் அந்த அப்பா அம்மாக்களுக்குச் செய்கிறீர்கள், அவர்கள் இல்லாத இடத்தில். இனி இப்படி எழுதாதீர்கள்.

டெட் பற்றி என்னிடம் சொல்ல ஒன்றும் இல்லை. ஓய்வுபெற ஐந்தாண்டுக்கு மேல் இருக்கிறவர்கள் இரண்டாண்டுக்குள் தேர்ச்சி பெற வேண்டும் என்று 2025 செப்டம்பர் 1-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஐம்பது வயதில் 150 கேள்விகளுக்கு விடை குறிப்பதால் ஒருவர் நல்லாசிரியர் ஆவார் என்று தீர்ப்பைக் கொண்டாடுகிறவர்களும் நம்பவில்லை. படித்துப் பாஸ் பண்ணிவிட்டுப் போகட்டும், விடுங்கள்.

உங்கள் கடிதத்தில் என்னைப் பிடித்து நிறுத்தியது அந்த மூத்த ஆசிரியரின் ஒரு வரி. நீங்கள் போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள். நான் நாலைந்து மாதமாக இதையேதான் யாரைப் பார்த்தாலும் புலம்பிக்கொண்டிருக்கிறேன், வீட்டில் அலுத்துப்போய்விட்டார்கள். அதற்கு வருமுன் அத்தை மகனுக்கு ஒரு பதில்.

2002 ஜனவரியில் அமெரிக்க அதிபர் புஷ் ஒரு சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். மூன்று முதல் எட்டு வரை ஒவ்வொரு வகுப்புக்கும் வருடா வருடம் வாசிப்பிலும் கணக்கிலும் தேர்வு. 2014-க்குள் நூற்றுக்கு நூறு பிள்ளைகளும் தேற வேண்டும், தேறாத பள்ளிக்குத் தண்டனை. அதற்கு முன்மாதிரி எது தெரியுமா? அத்தை மகன் இருக்கிற அதே டெக்சாஸ்தான். புஷ் அங்கே கவர்னராக இருந்தபோது தேர்ச்சி கூடிக்கொண்டே போனது, டெக்சாஸ் அற்புதம் என்று பேர் வைத்தார்கள். ஹூஸ்டன் பள்ளிகளின் தலைவராக இருந்தவரை வாஷிங்டனுக்குக் கூட்டிப்போய்க் கல்வி அமைச்சராக்கினார்கள்.

அப்புறம் அந்த அற்புதத்தை ஒருவர் கிளறிப் பார்த்தார். பாஸ்டன் கல்லூரிப் பேராசிரியர் வால்ட் ஹேனி. 2000-ல் வந்தது அவருடைய ஆய்வு. டெக்சாஸில் பள்ளி இறுதிக்கான தேர்வைப் பத்தாம் வகுப்பில் வைத்திருந்தார்கள். ஒன்பதாம் வகுப்பில் நிறுத்தப்படும் பிள்ளைகளின் எண்ணிக்கை வருடத்துக்கு வருடம் ஏறிக்கொண்டு போனது. தொண்ணூறுகளின் கடைசியில் கறுப்பினப் பிள்ளைகளிலும் ஸ்பானிய வம்சாவளிப் பிள்ளைகளிலும் ஏறத்தாழ 30 சதவீதம் பேர் ஒன்பதில் நின்றார்கள். நின்றவர்களில் பலர் பத்துக்கு வரவே இல்லை. அவர்கள் எழுதாத தேர்வில் மற்றவர்கள் பாஸானார்கள். 2003-ல் ஹூஸ்டனில் 16 பள்ளிகளின் பதிவேடுகளைத் தணிக்கை செய்தபோது, வெளியேறிய 5,500 பேரில் சுமார் 3,000 பேரை இடைநின்றவர்கள் என்று எழுதியிருக்க வேண்டும், எழுதவில்லை என்று தெரிந்தது.

உங்கள் மூத்த ஆசிரியர் டெக்சாஸைப் பற்றி எதுவும் படித்திருக்க மாட்டார். ஆனாலும் அதே வகுப்பு, அதே சல்லடை. ஆச்சரியமில்லை. கழுத்தில் ஓர் எண்ணைக் கட்டித் தொங்கவிட்டால் மனுசன் எந்த ஊரிலும் எண்ணைத்தான் காப்பாற்றுவான்.

மிச்சத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2009-க்குப் பிறகு ஒபாமா அரசு, மாணவர் மதிப்பெண்ணை ஆசிரியர் மதிப்பீட்டோடு இணைக்கிற மாநிலங்களுக்குப் பணம் என்று ஆசை காட்டியது. 2010-ல் லாஸ் ஏஞ்சலஸ் பத்திரிகை ஒன்று ஆசிரியர்களின் பெயரையும் தர மதிப்பீட்டையும் ஊரறியப் போட்டது. அட்லாண்டாவில் ஆசிரியர்களே விடைத்தாளைத் திருத்தி எழுதியது 2011-ல் விசாரணையில் வெளிவந்தது. 178 பேர், 44 பள்ளிகள். பிள்ளைகளின் மதிப்பெண்ணில் உள்ள ஏற்ற இறக்கத்தில் ஆசிரியரின் பங்கு 1 முதல் 14 சதவீதம்தான் என்று பெரும்பாலான ஆய்வுகள் காட்டுவதாக அமெரிக்கப் புள்ளியியலாளர் சங்கம் 2014-ல் அறிக்கை விட்டது. 2015-ல் வந்த புதுச் சட்டம், மதிப்பெண்ணை வைத்து ஆசிரியரை எடைபோடச் சொன்ன மத்திய அரசின் நெருக்கடியை எடுத்துவிட்டது. சில இடங்களில் மதிப்பெண்ணும் சம்பளமும் இன்றும் சேர்ந்தே இருக்கின்றன, உண்மை. ஆனால் ஊரெல்லாம் அப்படி, அதனால்தான் நன்றாக நடக்கிறது என்று அத்தை மகன் சொல்வது சரியில்லை. அவரிடம் ஹூஸ்டன் கதையைக் கேளுங்கள்.

இதைச் சொன்னால் ஆசிரியர் சங்கத்துக்காரர்கள் கைதட்ட வருவார்கள். அவர்களுக்கும் சொல்கிறேன், தேர்வே கூடாது என்று நான் சொல்லவில்லை. தேசிய அடைவு ஆய்வு 2017-லும் 2021-லும் நடந்தது, 2024 டிசம்பரில் பரக் என்ற பெயரில் வந்தது. சில பள்ளிகளை எடுத்துச் சில பிள்ளைகளிடம் கேட்கிறார்கள். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம். மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்குக் கழித்தல் வருகிறதா என்று அரசுக்குத் தெரியத்தான் வேண்டும், அதற்கு அது போதும். எந்த ஆசிரியரின் தலையும் அதில் உருளாது என்றால் யாருக்கும் பொய் சொல்லத் தேவையும் இல்லை. அதே போன்ற ஒரு தேர்வின் முடிவைப் பள்ளிப் பெயரோடு திரையில் போட்டு ஆளை எழுப்பி நிறுத்தினால், அடுத்த முறை அந்த முடிவில் உண்மை இருக்காது. ஆசிரியரை யாரும் அளக்கவே கூடாது என்பதும் என்னிடம் செல்லாது. பாடம் நடத்தாத வாத்தியாரை ஊருக்கே தெரியும், சங்கத்துக்கு மட்டும் தெரியாது.

சரி, ஒன்பதாம் வகுப்புக்கு வருகிறேன்.

எட்டு வரை தமிழ்நாட்டில் யாரையும் நிறுத்த முடியாது. பத்தில் பொதுத்தேர்வு, பாஸ் பர்சன்டேஜ், மாவட்ட வரிசை. மாநில ரேங்க் பட்டியலை 2017-லேயே நிறுத்திவிட்டார்கள், மாவட்டங்களின் ஓட்டப்பந்தயம் மட்டும் நிற்கவில்லை. 2025-ல் பத்தாம் வகுப்பில் சிவகங்கை முதலிடம், 98.31 சதவீதம். தெற்கே விருதுநகர் இந்த விஷயத்தில் பழைய சண்டியர். இரண்டும் பக்கத்திலேயே இருப்பதால் மதுரைக்கு வருகிற அதிகாரிகளுக்கு எப்போதும் ஒரு மனக்குறை. இந்த எண்ணை ஏற்ற இரண்டு வழி. தோற்கிற பிள்ளையைத் தேற வைப்பது ஒன்று. அவன் பரீட்சை ஹாலுக்கே வராமல் பார்த்துக்கொள்வது இன்னொன்று. முதலாவதற்கு ஐந்து வருடம் வேண்டும், இரண்டாவதற்கு ஒரு கையெழுத்து போதும். அந்தக் கையெழுத்தைப் போடத் தோதாக இருக்கிற ஒரே வகுப்பு ஒன்பது. இலவசக் கட்டாயக் கல்விச் சட்டத்தின் பாதுகாப்பு பதினான்கு வயதோடு முடிகிறது. குழந்தைத் தொழிலாளர் சட்டமும் பதினான்கைத் தாண்டினால் அபாயகரமான வேலைகளை மட்டும்தான் தடுக்கிறது. ஒன்பதில் நிற்கிற பையனுக்கு அந்த வயதுதான்.

எங்கள் ஊர் திருமங்கலத்துக்கு மேற்கே. எண்பதுகளின் நடுவில் நாங்கள் படித்த பள்ளியில் ஒன்பதாவதில் என் பக்கத்தில் உட்கார்ந்தவன் அந்த வருடம் நின்றான், அடுத்த வருடமும் நின்றான். டி.சி.யை வாங்கிக்கொண்டு ஆந்திராப் பக்கம் முறுக்குக் கம்பெனிக்குப் போனான். நம் பக்கத்துப் பையன்கள் எத்தனை பேர் அந்த அடுப்புக்குப் போனார்கள் என்று உங்கள் ஊர்ப் பெரியவர்களைக் கேட்டால் சொல்வார்கள். நாங்கள் எழுதிய வருடம் பள்ளிக்கு நல்ல தேர்ச்சி. எச்.எம்.முக்குப் பொன்னாடை போட்டார்கள், நானும் கைதட்டினேன்.

பிறகு ஒரு கணக்கு வாத்தியார் வந்தார். என் தம்பியின் வகுப்புக்கு. சலிக்கச் சொல்லி மார்க் லிஸ்ட்டை அவர் கையில் கொடுத்திருக்கிறார்கள். அவர் எல்லாரையும் பத்துக்கு ஏற்றிவிட்டார். மல்லிகைத் தோட்டத்துப் பிள்ளைகள் அந்த வகுப்பில் நிறைய. மொட்டு விரிவதற்குள் பறிக்க வேண்டும், அதனால் விடியுமுன்பே தோட்டத்தில் நிற்பார்கள். பூ அதிகம் வருகிற காலமும் பரீட்சைக் காலமும் ஒன்றாகத்தான் வரும், பங்குனியில் ஆரம்பித்துவிடும். முதல் பீரியடில் அந்தப் பிள்ளைகள் தலை சாய்ந்தால் அவர் எழுப்ப மாட்டாராம். "தூங்குடா, ரெண்டாவது பீரியடுக்கு முழி" என்பாராம். சாயந்திரம் விட்ட கணக்கை அந்தப் பிள்ளைகளுக்கு மட்டும் திரும்பப் போடுவார். அவர் வகுப்பில் கணிசமான பேர் தோற்றார்கள். கணிசமான பேர் பாஸானார்கள். பாஸானவர்களில் ஒன்பதிலேயே நின்றிருக்க வேண்டிய பையன்களும் உண்டு, ஒருவன் மின்வாரியத்தில் சேர்ந்து இப்போது பேரன் எடுத்துவிட்டான். பள்ளியின் சதவீதம் சரிந்தது. வாத்தியாரைப் பரமக்குடிப் பக்கம் மாற்றிவிட்டார்கள்.

பொன்னாடை எச்.எம்.மையும் இந்த மனுசரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மதிப்பெண்ணை மட்டும் வைத்து அளந்தால் யார் நல்லாசிரியர்? தூங்குகிற பிள்ளையை எழுப்பாமல் விட்டதற்கு எந்தப் படிவத்தில் எத்தனை மார்க் போடுவீர்கள்? இன்றைக்கு விஜிட் வருகிற அதிகாரி பின் பெஞ்சில் முழுசாக ஒரு பீரியட் உட்கார்ந்திருந்தால் ஒருவேளை அது கண்ணில் படும். அவர் பதிவேட்டைப் புரட்டுகிறார், எமிஸ் என்கிற பள்ளிக் கல்வித் துறைக் கணினிப் பதிவேட்டில் ஏற்றியாச்சா என்று கேட்கிறார், டீ குடிக்கிறார், கிளம்புகிறார்.

இதனால்தான் சொல்கிறேன், ரிவ்யூ மீட்டிங்கில் ஒரே ஒரு எண்ணை வாசித்தால் போதும். ஆறாம் வகுப்பில் சேர்ந்த நூறு பேரில் எத்தனை பேர் பத்தாம் வகுப்புப் பரீட்சை ஹாலில் உட்கார்ந்தார்கள்? எத்தனை பேர் பாஸ் என்பது அதற்குப் பிறகு. ஒவ்வொரு பிள்ளைக்கும் எமிஸில் ஓர் எண் இருக்கிறது, அந்தப் பிள்ளை எந்தப் பள்ளிக்கு மாறியது, எங்கே காணாமல்போனது என்று கம்ப்யூட்டருக்குத் தெரியும். வேறு பள்ளிக்குப் போனவர்களைக் கழித்துவிட்டு மிச்சத்தைத் திரையில் போடட்டும். அதற்கும் யாரையும் எழுப்பி நிறுத்த வேண்டாம். நிறுத்தினால் இந்த எண்ணையும் திருடுவார்கள், வராத பிள்ளைக்கு வருகை போடுவார்கள், அதையும் நாம் பார்க்காதவர்கள் இல்லை. வாசித்துவிட்டு, எந்த ஊரில் ஓட்டை பெரிதாக இருக்கிறதோ அந்த ஊருக்கு இன்னொரு ஆசிரியரை அனுப்பட்டும்.

மாறுதல் பற்றிக் கேட்டிருந்தீர்கள், அதை மறந்தே போனேன். உங்கள் வீட்டுச் சூழ்நிலை எனக்குத் தெரியாது, கேட்பதும் விடுவதும் உங்கள் இஷ்டம். டவுனில் மட்டும் ரிவ்யூ மீட்டிங் இல்லையா என்ன? போவதானால் ஒன்பதாவது மார்க் லிஸ்ட்டை உங்கள் கையால் போட்டுவிட்டுப் போங்கள், அந்த மூத்தவரிடம் கொடுக்காமல். இப்போது பத்தில் இருக்கிறவர்களின் ஆறாம் வகுப்பு வருகைப் பதிவேடு எச்.எம். அறை பீரோவில் இருக்கும். அதையும் இப்போதைய பத்தாம் வகுப்புப் பதிவேட்டையும் ஒப்பிட்டு எனக்கு எழுதுங்கள். பெயர்கள் வேண்டாம், எண்ணிக்கை மட்டும்.