ஈயக்கம்பியில் ஒரு புகைக்குழாய்: மாதிரிக் கார் கேள்வி பதில்

மாதிரிக் கார்களுக்கான புகைக்குழாய்களைக் கையாலேயே செய்வது குறித்து வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். நம் ஊரில் எஞ்சினிலிருந்து வால் வரை உள்ள அத்தனையையும் சைலன்சர் என்றே சொல்லிவிடுகிறோம். இந்தப் பதில்களில் எஞ்சினை ஒட்டிய கிளைக்குழாய்களை ஹெடர் என்றும், அவை ஒன்றுசேரும் இடத்தைக் கலெக்டர் என்றும், சத்தத்தை அடக்கும் பெட்டியை மட்டும் சைலன்சர் என்றும், வெளியே தெரியும் முனையை வால்குழாய் என்றும் குறிப்பிடுகிறேன். தனியாகச் சொல்லாத இடங்களில் அளவுகள் யாவும் 1/24க்கு, அதாவது நிஜக் காரின் இருபத்து நான்கில் ஒரு பங்கு அளவுள்ள மாதிரிக்கு, உரியவை.

கேள்வி: ஐயா, பெட்டியில் வரும் பிளாஸ்டிக் ஹெடரில் நடுக்கோடு தெரிகிறது, தேய்த்தால் குழாய் தட்டையாகிவிடுகிறது. எந்தப் பொருளில் தொடங்கலாம்?

பதில்: எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் விற்கும் சால்டர் ஈயக்கம்பியில் தொடங்குங்கள். 1.6 மில்லிமீட்டர் தடிமனுள்ள கம்பி, நிஜத்தில் ஒன்றரை அங்குலக் குழாய்க்கு ஏறக்குறையச் சரியான அளவு. விரலாலேயே வளைக்கலாம், வளைத்த இடத்தில் அப்படியே நிற்கும். ஆனால் வெறும் விரலால் வளைத்தால் அது குழாய்போல் இராது, கயிறுபோல் தொய்ந்துதான் தெரியும். நிஜ ஹெடரை வளைக்கும் எந்திரம், குழாயின் குறுக்களவைப்போல் பெரும்பாலும் ஒன்றரை மடங்கு ஆரத்தில்தான் வளைக்கும். ஒரு வளைவுக்கும் அடுத்ததற்கும் இடையே நேரான துண்டு இருக்கும். 1.6 மி.மீ. கம்பிக்கு அந்த ஆரம், கம்பியின் மையக்கோட்டில், 2.4 மி.மீ. ஆகும். கம்பியின் பாதித் தடிமனைக் கழித்தால் 1.6 மிஞ்சுகிறது. ஆகவே 3.2 மி.மீ. ட்ரில் பிட்டின் வழுவழுப்பான தண்டைச் சுற்றி வளையுங்கள். எல்லா வளைவுகளும் ஒரே ஆரத்தில் அமைந்துவிடும். பார்ப்பவருக்குக் காரணம் தெரியாது, ஆனால் இது குழாய்தான் என்று கண் ஒப்புக்கொள்ளும்.

கம்பியின் நடுவில் ரோசின் என்ற மென்மையான பிசின் ஓடுவதால், முனையில் 0.5 மி.மீ. பிட்டைக் கையால் திருகினால் எளிதாக இறங்கும். அந்தத் துளையில் செம்புக் கம்பித் துண்டு ஒன்றை ஊசியாகச் செருகி எஞ்சின் தலையில் பொருத்துங்கள். பிளாஸ்டிக் சிமென்ட் ஈயத்தைப் பிடிக்காது. சூப்பர் க்ளூ அல்லது எபாக்சி வேண்டும்.

ஒன்றை அழுத்தமாகச் சொல்கிறேன். ஈயத்தை உலர்ந்த நிலையில் உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள், வேலை முடியும்வரை எதையும் வாயில் வைக்காதீர்கள், முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். வீட்டில் குழந்தைகள் இருந்தால் ஈயமில்லாச் சால்டரையே வாங்குங்கள். அது சற்று விறைப்பாக இருக்கும், வளைத்தபின் இம்மியளவு திரும்பும், அவ்வளவுதான்.

கேள்வி: வால்குழாய்க்கு அலுமினியக் குழாய் வைத்தேன். இருந்தும் பொம்மைபோல் தெரிகிறது. ஏன்?

பதில்: விளிம்பைப் பாருங்கள். கடையில் கிடைக்கும் சிறு அலுமினியக் குழாய்களின் சுவர் ஏறத்தாழ 0.35 மி.மீ. தடிமன் உள்ளது. அதை 24ஆல் பெருக்கினால் எட்டரை மில்லிமீட்டர் வருகிறது. அது தண்ணீர்க் குழாயின் கனம். நிஜப் புகைக்குழாயின் சுவர் ஒன்றரை மில்லிமீட்டர் அளவுதான். முழு நீளத்துக்கும் சுவரை மெலிதாக்கத் தேவையில்லை. வாயின் உட்புறத்தைக் கூரான கத்தி முனையாலோ, சற்றுப் பெரிய ட்ரில் பிட்டைக் கையால் மெல்லச் சுழற்றியோ சரிவாகச் சீவி, விளிம்பு தாள்போல் ஆகும்வரை கொண்டுவாருங்கள். பிறகு உள்ளே மங்கலான கறுப்புப் பூசுங்கள். ஐந்து நிமிட வேலை இது, ஆனால் என் கண்ணுக்கு மொத்த மாதிரியிலும் இதைவிடப் பெரிய மாற்றத்தைத் தரும் ஐந்து நிமிடம் வேறில்லை. 1960களின் பந்தயக் காராக இருந்தால் உட்புறத்துக்கு வெளிர் சாம்பல் பூசுங்கள். ஈயம் கலந்த பெட்ரோல் எரிந்த குழாய்களில் அந்த நிறம்தான் படியும்.

கேள்வி: 1/43 அளவுக்கு என்ன குழாய்?

பதில்: மருந்துக் கடையில் பிரிக்காத 18 கேஜ் ஊசி வாங்குங்கள். வெளி அளவு 1.27 மி.மீ.; 1/43இல் இரண்டங்குல வால்குழாய்க்குப் பொருந்தும், சுவரும் மெல்லியது. கட்டிங் பிளையரால் வெட்டினால் வாய் நசுங்கும். வெட்டுச் சக்கரத்தால் அறுங்கள். புது ஊசி மட்டுமே. கூர்முனையை முதலில் அறுத்து அப்புறப்படுத்துங்கள்.

கேள்வி: ஹெடரில் நீலமும் ஊதாவும் கலந்த சூட்டு நிறத்தை எப்படிக் கொண்டுவருவது?

பதில்: வண்ணப் புட்டியைத் திறப்பதற்கு முன் வரிசையைத் தெரிந்துகொள்ளுங்கள். எஃகைச் சூடாக்கும்போது அதன் மேல் ஆக்சைடு படலம் வளர்கிறது. படலத்தின் கனத்தைப் பொறுத்து நிறம் மாறுகிறது. சாதாரண எஃகில் 220 டிகிரி செல்சியஸ் அளவில் வைக்கோல் நிறம், பிறகு பழுப்பு, 280 அளவில் ஊதா, 300ஐ ஒட்டி நீலம். ஸ்டெயின்லெஸ் எஃகில் இதே வரிசை இன்னும் கூடிய சூட்டில் வரும். ஆகவே எஞ்சினுக்கு மிக அருகில் நீலம், அதை அடுத்து ஊதா, பிறகு பழுப்பு, கடைசியில் வைக்கோல் நிறம், அதற்கப்பால் வெறும் உலோகம். நன்கு ஓடிய புல்லட் ஒன்றின் பெண்ட் பைப்பை உட்கார்ந்து பாருங்கள், இந்த வரிசை அப்படியே தெரியும். என்னிடம் காட்டப்படும் மாதிரிகளில் பல, எஞ்சின் அருகே மஞ்சளும் வால்பக்கம் நீலமுமாகத் தலைகீழாக இருக்கின்றன.

அடியில் உலோக வண்ணம் காய்ந்தபின், டாமியா நிறுவனத்தின் ஒளி ஊடுருவும் மாதிரி வண்ணங்களை நிறைய நீர்க்கச் செய்து, ஏர்பிரஷ்ஷால் அடுக்கடுக்காகத் தூவுங்கள். முதலில் மஞ்சள் (எக்ஸ்-24) அகலமாக. அதன் மேல் ஆரஞ்சு (எக்ஸ்-26) சற்றுக் குறுகலாக. பிறகு சிவப்பும் (எக்ஸ்-27) நீலமும் (எக்ஸ்-23) கலந்த ஊதா. கடைசியில் எஞ்சினை ஒட்டி நீலம் மட்டும். வளைவின் வெளிப்புறத்தில் ஒரு தூவல் கூடுதலாக விழட்டும். போதும் என்று தோன்றுவதற்கு ஓர் அடுக்கு முன்பே நிறுத்துங்கள்.

ஹெடருக்குப் பதிலாக ஒரே வார்ப்பான வார்ப்பிரும்பு மேனிஃபோல்டு உள்ள சாதாரணச் சாலைக் காருக்கு இதில் எதுவும் பொருந்தாது. அது சில முறை சூடேறி ஆறியதும் துருப்பிடித்துப் பழுப்பாகிவிடும்.

கேள்வி: நீலம் முதலிலா, மஞ்சள் முதலிலா?

பதில்: மஞ்சள். காரணம் மேலே உள்ளது.

கேள்வி: ஃபோர்டு ஜிடி40இன் பின்பக்கத்தில் எட்டுக் குழாய்களும் பாம்புகள்போல் பின்னிக் கிடக்கின்றன. எந்தக் குழாய் எங்கே போகிறது?

பதில்: இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தேன். ஜிடி40, எஞ்சின் ஓட்டுநருக்குப் பின்னால் இருக்கும் 1960களின் பந்தயக் கார்; அதன் எஞ்சின் வி8, அதாவது நான்கு நான்காக இரு வரிசையில் எட்டுச் சிலிண்டர்கள் கொண்டது. நான் 4.7 லிட்டர் எஞ்சின் வைத்த காரை எடுத்துக்கொள்கிறேன். ஃபோர்டு முறைப்படி வலவரிசைச் சிலிண்டர்களுக்கு முன்னிருந்து பின்னாக 1, 2, 3, 4. இடவரிசைக்கு 5, 6, 7, 8. தீப்பற்றும் வரிசை 1-5-4-2-6-3-7-8. இதில் ஒன்று விட்டு ஒன்றாக எடுங்கள்: 1, 4, 6, 7 ஒரு கலெக்டருக்கு; 5, 2, 3, 8 மற்றதற்கு. வலப்பக்கத்தின் ஓரக் குழாய் இரண்டும் இடப்பக்கத்தின் நடுக் குழாய் இரண்டும் ஒரு கூட்டு. வலப்பக்கத்தின் நடு இரண்டும் இடப்பக்கத்தின் ஓரம் இரண்டும் மற்றொரு கூட்டு. எனவே ஒவ்வொரு வரிசையிலிருந்தும் இரண்டு குழாய்கள் மறுபக்கம் கடந்தே ஆகவேண்டும்.

செய்முறையில் ஈயக்கம்பியை உடனே தொடாதீர்கள். சிவப்பு, நீலம் என இரண்டு நிற வயரை வெட்டி, முதல் கூட்டுக்குச் சிவப்பும் இரண்டாவதற்கு நீலமும் வைத்து, எஞ்சின் மேல் பாதையைக் கண்டுபிடியுங்கள். நான் முதல் முறை செய்தபோது ஒரே நிறக் கம்பியில் தொடங்கி, ஏழாவது குழாயை வைக்கையில் மூன்றாவது தவறான கலெக்டரில் இருந்ததைக் கண்டு, அத்தனையையும் பிரித்தேன். எட்டுக் குழாய்களும் ஏறத்தாழ ஒரே நீளம் இருக்கவேண்டும் என்பதால், வயர் மாதிரி சரியானதும் எட்டு ஈயத் துண்டுகளையும் சம நீளத்தில் வெட்டிக்கொண்டு, அடியில் கிடப்பவற்றிலிருந்து மேலே போங்கள்.

கேள்வி: உங்கள் விளக்கத்தை ஏற்க முடியவில்லை. அமெரிக்க வி8 கார்கள் எல்லாவற்றிலும் ஒருபக்கக் குழாய் நான்கும் அதே பக்கத்தில்தான் சேர்கின்றன. ஜிடி40இல் கடப்பது இடவசதிக்காக மட்டுமே.

பதில்: சாலைக் கார்களைப் பற்றி நீங்கள் சொல்வது சரி, இடவசதி என்ற முடிவு சரியன்று. இடம்தான் நோக்கம் என்றால் குழாய்களைக் கடக்க விடாமல் இருப்பதே எளிது. ஃபோர்டின் கிராங்க் (பிஸ்டன்களின் அசைவைச் சுழற்சியாக்கும் தண்டு) குறுக்குத்தள வகை, அதன் முழங்கைகள் ஒன்றுக்கொன்று செங்குத்தான இரு தளங்களில் இருக்கும். கிராங்க் 90 டிகிரி சுழல்வதற்கு ஒரு சிலிண்டர் தீப்பற்றுகிறது. வலவரிசையை மட்டும் எண்ணிப்பாருங்கள்: ஒன்றுக்குப்பின் 180 டிகிரியில் நான்கு, அடுத்த 90இல் இரண்டு, பிறகு 180இல் மூன்று, பிறகு 270 டிகிரி இடைவெளி. இரண்டு வெளியேற்றங்கள் நெருங்கி வந்து ஒரே கலெக்டரில் முட்டிக்கொள்கின்றன. கடக்கவிட்டால் ஒவ்வொரு கலெக்டருக்கும் சரியாக 180 டிகிரிக்கு ஒன்று வருகிறது. ஒரு வெளியேற்றம் அடுத்ததை இழுத்துச்செல்ல உதவுகிறது. சாலைக் காரில் எஞ்சின் முன்னே இருக்கிறது, நடுவே கியர்பாக்ஸும் தரையும் குறுக்கிடுகின்றன. அதனால் இந்தச் சிரமத்தை எடுப்பதில்லை.

கேள்வி: அப்படியானால் ஃபெராரி வி8களிலும் கடக்க வேண்டுமே?

பதில்: நல்ல கேள்வி, வேண்டியதில்லை. ஃபெராரியின் எஃப்40 போன்றவற்றின் கிராங்க் ஒரேதள வகை, முழங்கைகள் எல்லாம் ஒரே தளத்தில் இருக்கும். அதில் ஒவ்வொரு வரிசையும் தானாகவே 180 டிகிரிக்கு ஒன்றாகத் தீப்பற்றும். எஃப்40 செய்பவர்களுக்கு வேறொன்று சொல்கிறேன்: பின்னால் நடுவில் உள்ள மூன்று வாய்களில் நடுவாய், டர்போவின் வேஸ்ட்கேட்டுக்கு, அதாவது டர்போவுக்குப் போகாமல் மிகைப் புகையை வெளியேற்றும் வால்வுக்கு, உரியது. மூன்றையும் ஒரே சைலன்சரில் கொண்டுபோய்ச் செருகாதீர்கள்.

கேள்வி: 1/24இல் இதையெல்லாம் யார் பார்க்கப்போகிறார்கள்?

பதில்: ஜிடி40இன் பின்னுடல் முழுவதும் திறந்து மேலே எழும், திறந்ததும் கண் முதலில் விழுவது அந்தப் பின்னலில்தான். எண்ணிப் பார்ப்பவர் ஒருவர் நிச்சயம் வருவார்.

கேள்வி: ஹெடரில் துணிபோல் சுற்றியிருக்கும் வெப்பப் பட்டைக்கு?

பதில்: மருந்துக் கடையில் கிடைக்கும் மைக்ரோபோர் என்ற காகித ஒட்டுப்பட்டை. நிஜப் பட்டை இரண்டங்குலம் என்றால் 2.1 மி.மீ., ஓரங்குலம் என்றால் 1 மி.மீ. அகலத்தில் கீறி, ஒன்றன்மேல் ஒன்று சற்றே ஏறும்படி சுற்றுங்கள். காகித இழை துணி நெசவுபோலவே தெரியும்.

கேள்வி: காரின் உடலுக்கு எந்த வார்னிஷ் நல்லது?

பதில்: அது வேறு துறை, வண்ணப் பூச்சில் தேர்ந்தவரைக் கேளுங்கள்.

கேள்வி: சூட்டு நிறத்துக்கு எந்த வண்ணம் என்று சொல்ல முடியுமா?

பதில்: மூன்றாவது முறையாக இதே கேள்வி. எண்களோடு மேலே எழுதியிருக்கிறேன், தயவுசெய்து படியுங்கள்.

கேள்வி: மூன்று ஆண்டுகளுக்கு முன் செய்த மாதிரியில் ஈயக் குழாயின் மேல் வெள்ளைப் பொடி பூத்து வண்ணம் உதிர்கிறது. சரிசெய்யலாமா?

பதில்: அந்த மாதிரி மரப்பெட்டியில் மூடியிருந்ததா? மரமும் எம்.டி.எஃப். எனும் மரநார்ப் பலகையும் சில பசைகளும் அமில ஆவியை விடுகின்றன. மூடிய பெட்டிக்குள் அது ஈயத்தைத் தின்று வெள்ளைக் கார்பனேட்டாக மாற்றுகிறது. பூத்த குழாயைக் காப்பாற்ற முயலாதீர்கள். ஈரத் துணியால் பொடியைத் துடைத்தெடுத்து, ஊதாமல், துணியோடு அப்புறப்படுத்திவிட்டுக் குழாயைப் புதிதாகச் செய்யுங்கள். இம்முறை ஈயமில்லாக் கம்பி போடுங்கள், ரோசின் பிசுக்கை ஆல்கஹாலால் துடைத்தபின் பிரைமர் அடியுங்கள், அக்ரிலிக் பெட்டியில் காற்றுக்குச் சிறு துளை விட்டு வையுங்கள். துடைத்து முடித்ததும் கை கழுவுங்கள்.