வரிசையில் நிற்கும் நேரம்

வணக்கம் அண்ணா,

தோட்டத்து லோரியில் தைப்பூசத்துக்குப் பத்துமலை போனதைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் படித்து முடித்ததும் எனக்குக் கோபம் வந்தது. அந்த டிரைவரை ராஜா மாதிரி எழுதியிருக்கிறீர்கள். பிள்ளைகள் ஓடி வந்து கை ஆட்டுவார்களாம், தோட்டத்து எழுத்தரான கிராணியே அவருக்காகக் காத்திருப்பாராம். என் வீட்டுக்காரர் பதினெட்டு வருஷமாக டிரெய்லர் ஓட்டுகிறார். அவருக்கு யாரும் கை ஆட்டுவதில்லை. அவர் வீட்டுக்கு வரும்போது நாங்கள் தூங்கிக்கொண்டிருப்போம். நாங்கள் எழும்போது அவர் தூங்குவார். சின்னவளுக்கு அப்பா என்றால் மூடிய அறைக்கதவும் வாசலில் கிடக்கும் செருப்பும்தான்.

2025 மே மாதம் எங்கள் தெலுக் இந்தானில் நடந்த விபத்துக்குப் பிறகு, லோரி டிரைவர் என்றாலே ஆட்கள் பார்க்கும் பார்வை மாறிவிட்டது. "உங்க அப்பாவும் அப்படித்தான் ஓட்டுவாரா?" என்று பள்ளியில் ஒரு பிள்ளை மகளிடம் கேட்டிருக்கிறது. அவள் அழுதுகொண்டே வந்தாள்.

இப்போது மூத்தவன் 21 வயதை முடித்துவிட்டு, லோரி ஓட்டுவதற்கான ஜிடிஎல் லைசென்ஸ் எடுக்கிறேன் என்று நிற்கிறான். நான் வேண்டாம் என்கிறேன். அவன் அப்பா வாயே திறப்பதில்லை. தோட்டத்து லோரியைப் பற்றி அவ்வளவு எழுதினீர்களே, இதற்கு ஒரு பதில் சொல்லுங்கள். என் பெயர் போட வேண்டாம்.

தெலுக் இந்தான் வாசகி

*

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் கோபம் நியாயமானது. நான் எழுதியது சின்னப் பையன் லோரியின் பின்தட்டில் நின்று பார்த்த டிரைவரை. முன் சீட்டில் உட்கார்ந்து பார்த்த டிரைவர் ஒருவரும் எனக்கு உண்டு. என் அண்ணன். அவரைப் பற்றி எழுதாமல் விட்டது என் தவறு. இன்று எழுதுகிறேன்.

முதலில் உங்கள் மகளுக்காக அந்த விபத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். 2025 மே 13 காலையில் கல் ஏற்றி வந்த லோரி மோதி, கலகத் தடுப்புப் படையினர் 9 பேர் இறந்தார்கள். சித்ரா பௌர்ணமித் திருவிழாவுக்குக் காவல் நின்றுவிட்டு ஈப்போவுக்குத் திரும்பிக்கொண்டிருந்தவர்கள். நம் சாமி ஊர்வலத்துக்குக் காவல் இருந்த பிள்ளைகள். அந்தத் துக்கத்தில் நமக்கும் பங்கு இருக்கிறது. அதனால் டிரைவர்கள் மேல் தப்பே இல்லை என்று நான் வாதாட வரவில்லை. ஆனால் ஒரு லோரி சாலையில் ஓடுவதற்கு முன்னால் எத்தனை பேர் எத்தனை முடிவுகளை எடுத்திருக்கிறார்கள்! சுமை எவ்வளவு, பிரேக்கும் ஸ்டீயரிங்கும் எந்த நிலையில் இருக்கின்றன, டிரைவர் கடைசியாக எப்போது படுத்தார், இதையெல்லாம் முடிவு செய்பவர்களில் ஸ்டீயரிங் பிடித்தவர் ஒருவர் மட்டுமே. மகளிடம் இதைச் சொல்லுங்கள். அவள் அப்பா பதினெட்டு வருஷமாக ஒவ்வொரு தடவையும் வீட்டுக்குத் திரும்பி வந்திருக்கிறார் என்பதையும் சொல்லுங்கள்.

சரி, அண்ணனுக்கு வருகிறேன்.

நாங்கள் பாந்திங் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்துக்காரர்கள். அப்பா குலை வெட்டினார். அண்ணன் முதலில் குலை ஏற்றும் லோரியில் கெலிண்டானாக, அதாவது டிரைவருக்கு உதவியாளாகப் போனார், அப்புறம் லைசென்ஸ் எடுத்து, செம்பனை எண்ணெய் டேங்கர் ஓட்டினார். ஆலையில் எண்ணெயை ஏற்றிக் கிள்ளான் துறைமுகப் பக்கம் உள்ள சுத்திகரிப்பு ஆலைக்குக் கொண்டுபோக வேண்டும். ஜென்ஜாரோம், தெலுக் பங்லிமா காராங் வழியாகப் போனால் பெரிய தூரமே இல்லை. ஐந்தாம் படிவம் முடித்திருந்த நேரத்தில் ஒருநாள் நானும் வருகிறேன் என்று ஏறிக்கொண்டேன்.

பிற்பகல் மூன்று மணிக்கு ஆலை வாசலுக்குப் போனோம். எங்களுக்கு முன்னால் ஏழு டேங்கர்கள். எண்ணெய் ஏற்றி முடிக்கும்போது இருட்டிவிட்டது. கச்சா எண்ணெயைச் சூடாகத்தான் ஏற்றுவார்கள், ஆறினால் கெட்டியாகிவிடும். தாங்கியின் மேல் மூடியை அடைத்து, கம்பி கோத்து, எண் போட்ட சீல் வைத்தார்கள். அண்ணன் ஏணியில் நின்றபடியே அந்த எண்ணை இரண்டு முறை சத்தமாகப் படித்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து உள்ளங்கையில் எழுதிக்கொண்டார். டெலிவரி சீட்டில்தான் எழுதியிருக்கிறதே, கையில் எதற்கு என்று கேட்டேன். "சீட்டுல எழுதுறவன் தப்பா எழுதினா திருடன்னு என்னைத்தான் சொல்லுவாங்க" என்றார். வழி நெடுக அந்தக் கையை மட்டும் ஸ்டீயரிங்கில் அழுத்தாமல், வியர்வையில் எண் அழிந்துவிடாதபடி, விரல் நுனிகளால் பிடித்து ஓட்டினார்.

ஓட்டிய நேரம் ஒன்றரை மணி இருக்கும். அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தால் மறுபடி வரிசை. துண்டுச் சீட்டில் நம்பர் கொடுத்தார்கள். எண்ணெயில் மாதிரி எடுத்து, அமிலமும் ஈரமும் சோதித்துச் சரி என்று சொன்ன பிறகுதான் இறக்க விடுவார்கள். பால் சேர்க்காத கோப்பி ஓவைப் பிளாஸ்டிக் பையில் கட்டி வாங்கி, கண்ணாடிப் பக்கத்துக் கொக்கியில் மாட்டி வைத்திருந்தார். அது ஆறி, பையில் வியர்த்து, கடைசி வரை தொங்கிக்கொண்டிருந்தது. அண்ணன் காலை டேஷ்போர்டில் நீட்டிக் கண்ணை மூடுவார். முன்னால் ஒரு லோரி நகரும். நாமும் நகர வேண்டும். நகரவில்லை என்றால் பின்னால் இருப்பவர் ஹோன் அடிப்பார், இல்லையென்றால் வேறு ஒருவர் உள்ளே புகுந்துவிடுவார். எழுந்து, ஸ்டார்ட் செய்து, ஒரு லோரி நீளம் நகர்த்தி, நிறுத்தி, மறுபடி கண்ணை மூடுவார். விடியும் வரை இதே கதை. எண்ணெயை இறக்கிவிட்டு வெளியே வந்தபோது வெளுத்துக்கொண்டிருந்தது. அந்தக் காலிவண்டியோடு நேராக அடுத்த டிரிப்புக்கு ஆலைக்குத் திரும்ப வேண்டும்.

தங்கச்சி, நான் சொல்ல வருவது இந்த வரிசையைத்தான். அன்றைக்கு அண்ணனுக்குக் கிடைத்தது ஒரு டிரிப் காசு. ஒன்றரை மணி ஓட்டியதற்குக் காசு உண்டு. பன்னிரண்டு மணிக்கு மேல் காத்திருந்ததற்கு ஒரு காசு கிடையாது. காத்திருந்த நேரத்தை ஈடுகட்ட ஒரே வழி, தூக்கத்தை வெட்டிவிட்டு இன்னொரு டிரிப் அடிப்பதுதான். டிரிப்புக்குச் சம்பளம் என்ற கணக்கு, தூங்குகிற டிரைவரை நஷ்டக்காரனாக்கி, தூங்காதவனுக்குப் பரிசு கொடுக்கிறது. கெத்தும் இலைச் சாறு, சியாபு என்ற போதைப்பொருள் என்று டிரைவர்கள் பிடிபடும் செய்தி வரும்போதெல்லாம் இவர்களுக்கு ஒழுக்கமே இல்லை என்று எழுதுகிறார்கள். அதைத் தொடுவது தப்பு, அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் நாற்பது மணி நேரம் விழித்திருக்கச் சொல்லும் சம்பளக் கணக்கைப் பற்றியும் யாராவது எழுத வேண்டாமா?

மலேசிய வேலைச் சட்டத்தில் எல்லாம் இருக்கிறது. 2023 ஜனவரி முதல் வாரத்துக்கு 45 மணி நேரம்தான். தொடர்ந்து ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது, நடுவில் குறைந்தது அரை மணி ஓய்வு கொடுக்க வேண்டும். கேட்டால், வரிசையில் நின்றது ஓய்வுதானே என்பார்கள். நகரும் வரிசையில் நிற்பது ஓய்வு ஆகாது. பக்கத்தில் உட்கார்ந்து ஓர் இரவு முழுக்கப் பார்த்தவன் சொல்கிறேன்.

தெலுக் இந்தான் விபத்துக்குப் பிறகு, அந்த ஆண்டு அக்டோபரிலிருந்து கனரக வாகனங்களுக்கு வேகக் கட்டுப்பாட்டுக் கருவியைக் கட்டம் கட்டமாகக் கட்டாயமாக்கினார்கள். நல்ல வேலை, முழு மனதோடு வரவேற்கிறேன். நெடுஞ்சாலையில் காருக்கு 110 என்றால் லோரிக்கு 90தான், அதை மீறவே முடியாதபடி செய்வது உயிரைக் காக்கும். ஆனால் 90க்குள் ஓட்டுபவரும் தூங்கிவிடலாம். வண்டி நின்ற இடமும் நேரமும் ஜிபிஎஸ்ஸில் இருக்கிறது. எவ்வளவு நேரம் எந்த வாசலில் நிறுத்தி வைத்தார்கள் என்பது முதலாளியின் திரையிலேயே தெரிகிறது. அதைப் பார்த்துக் காத்திருந்ததற்கும் மணிக் கணக்கில் காசு கொடுக்க வேண்டும் என்று வந்தால், வரிசை தானாகக் குறையும். காசு போனால்தான் வாசலில் இருப்பவர்கள் வேகமாக வேலை பார்ப்பார்கள்.

அண்ணனுக்கு ஒரு விடியற்காலை ஜென்ஜாரோம் பக்கத்தில் கண் சொருகிவிட்டது. தூக்கத்தை விரட்டப் பச்சை மிளகாய் கடிப்பார். அன்று மிளகாயைக் கையில் பிடித்தபடியே தூங்கியிருக்கிறார். வண்டி சாலையோரக் கால்வாயில் இறங்கியது. காலித் தாங்கி, ஆள் நடமாட்டமும் இல்லை, கடவுள் புண்ணியம். இழுவை வண்டிக்கு ஆன செலவை முதலாளி மாதா மாதம் சம்பளத்தில் பிடித்தார். டயர் வெடித்துவிட்டது என்று அம்மாவிடம் சொன்னார். உண்மையைப் பல வருஷம் கழித்து என்னிடம் மட்டும் சொன்னார். உங்கள் வீட்டுக்காரர் வாய் திறக்காமல் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அவரிடமும் இப்படி ஒரு விடியற்காலை இருக்கலாம். அவரிடம் மெதுவாகக் கேட்டுப் பாருங்கள். மகன் முன்னால் வேண்டாம்.

இன்னொன்று, இது அண்ணன் ஓய்வு பெறும்போதுதான் எங்களுக்குப் புரிந்தது. ஓய்வுக்காலச் சேமிப்பான இபிஎஃப் கணக்கை எடுத்துப் பார்த்தால், இருபத்து நாலு வருஷ உழைப்புக்கு இவ்வளவுதானா என்று ஆகிவிட்டது. அடிப்படைச் சம்பளம் சின்னது. வீட்டை நடத்தியதெல்லாம் டிரிப் காசு. அதற்கு இபிஎஃப் கட்டவே இல்லை, சம்பளச் சீட்டில் பயணப்படி என்று போட்டிருந்தார்கள். பயணப்படிக்கும் ஓவர்டைமுக்கும் இபிஎஃப் கட்ட வேண்டியதில்லை. கமிஷனுக்கும் ஊக்கத்தொகைக்கும் கட்டியாக வேண்டும். ஒரே காசுதான், வைக்கிற பெயரில் இருக்கிறது விஷயம். ஐயாயிரம் வெள்ளி வரை சம்பளம் வாங்குபவருக்கு முதலாளி 13 விழுக்காடு போட வேண்டும். அந்த 13 அடிப்படைச் சம்பளத்துக்கு மட்டுமா, டிரிப் காசுக்கும் சேர்த்தா என்பதில் ஒரு மனிதனின் முதுமை இருக்கிறது.

உங்கள் மகனுக்கு வருகிறேன். தடுக்காதீர்கள் என்றுதான் சொல்வேன். இது கேவலமான வேலை இல்லை. ஆலையில் ஏற்றுகிற எண்ணெயும் துறைமுகத்துக் கொள்கலனும் கடையில் இருக்கிற அரிசியும் இவர்கள் இல்லாமல் ஓர் அடி நகராது. நல்ல டிரைவருக்கு இருக்கிற அறிவும் சாதாரணமானதல்ல. பாதி நிறைந்த தாங்கியில் எண்ணெய் அலையடித்து வளைவில் வண்டியைத் தள்ளும், காலி டிரெய்லர் மழையில் பிரேக் அடித்தால் வழுக்கும், ஈப்போ பக்கம் மெனோரா இறக்கத்தில் பிரேக்கை மட்டும் நம்பினால் சூடேறிச் செத்துவிடும், மேலேயே கியரைக் குறைத்து இறங்க வேண்டும். முன்னால் போகும் வண்டிக்கும் தனக்கும் நடுவே இடைவெளி விட்டு ஓட்டுவார்கள். கார்க்காரர்கள் அதைக் காலி இடம் என்று நினைத்து நுழைகிறார்கள். நாற்பது டன் நிற்பதற்கான இடம் அது. கார் ஓட்டும் வாசகர்கள் இதையாவது மனதில் வைக்க வேண்டும்.

ஆனால் தம்பி கம்பெனிக்குப் போகும்போது லோரி என்ன பிராண்டு, மாதம் எத்தனை ஆயிரம் என்று மட்டும் கேட்டுவிட்டு வரக் கூடாது. வரிசையில் நிற்கும் நேரத்துக்கு என்ன கணக்கு என்று கேட்கட்டும். குறைந்தபட்சச் சம்பளம் இப்போது 1,700 வெள்ளி, அதற்குக் கீழே அடிப்படை போட்டால் எழுந்து வந்துவிடலாம். வேலையில் அடிபட்டால் உதவும் சொக்சோ காப்புறுதி கட்டுகிறார்களா என்று பார்க்கட்டும். நீ எங்கள் ஊழியர் இல்லை, சொந்தக் காண்டிராக்ட் என்றால் கவனம் வேண்டும். சொந்தமாகத் தொழில் செய்பவர்களுக்காக 2017இல் வந்த சட்டத்தின் கீழ் அவனே சொக்சோவில் சேர வேண்டியிருக்கும். வண்டியின் நிலையைப் பார்க்கும் புஸ்பாகோம் சோதனை ஆறு மாதத்துக்கு ஒருமுறைதான் வருகிறது, நடுவில் தேய்கிற டயரை யார் மாற்றுவது, எவ்வளவு நாளில் மாற்றுவார்கள் என்று பழைய டிரைவர்களிடம் வாசலில் வைத்து விசாரிக்கட்டும். ஆபீஸில் சொல்லாததை அவர்கள் சொல்வார்கள்.

அப்புறம், சர்க்கரை நோய். இந்த நாட்டில் இந்தியர்களிடம்தான் அது அதிகம் என்று தேசிய சுகாதார ஆய்வுகள் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. இரவு ரொட்டி சானாய், இனிப்பான தே தாரிக், நாள் முழுக்க உட்கார்ந்த வேலை. வண்டியை நிறுத்த இடமில்லாமல் சிறுநீரை அடக்கிக்கொண்டு தண்ணீரே குடிக்காமல் ஓட்டுவார்கள். லைசென்ஸ் போய்விடும் என்று பயந்து நோயை மறைப்பவர்களையும் பார்த்திருக்கிறேன். மகனை விடுங்கள், உங்கள் வீட்டுக்காரர் கடைசியாக எப்போது ரத்தம் சோதித்தார்? இந்த வாரமே கிளினிக்குக்கு அழைத்துப் போங்கள்.

அண்ணன் இப்போது வீட்டோடு இருக்கிறார். உங்கள் கடிதத்தை அவருக்குப் படித்துக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மறுபடி தானே ஒருமுறை படித்தார். தம்பிக்கு வேலைக் கடிதம் வந்தால், கையெழுத்துப் போடுவதற்கு முன் அதைப் படம் பிடித்து எனக்கு அனுப்பச் சொல்லுங்கள். உங்கள் வீட்டுக்காரரின் சம்பளச் சீட்டு ஒன்றையும் சேர்த்து அனுப்பினால் நல்லது. அண்ணனும் நானும் உட்கார்ந்து வரிவரியாகப் பார்த்துச் சொல்கிறோம்.